பாதியில் நின்ற பதினேழு பேர்

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

எல்லோரும் நலமா என்று ஆரம்பித்தால் நடிப்பாக இருக்கும். பதினான்கு மாதமாக விசாரிக்காதவள் இப்போது மட்டும் என்ன விசாரிப்பது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் இரண்டு பேரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் படி வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களுக்காக எங்கள் ஆஸ்பத்திரியில் நான் நடத்துவது. பத்துப் படி வைத்த மரமேடை, இருபுறமும் கைப்பிடி, எட்டு வாரம். இப்போது சூப்பரின்டெண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷத்திலேருந்து எல்லாரையும் உங்க வகுப்புக்கே அனுப்பிடலாம்மா. வீட்டுக்கு வீடு போய்ப் பயிற்சி குடுக்கிறதை நிறுத்திடலாம். ஒரு ரிப்போர்ட் எழுதுங்க. கணக்குத் தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். ஏப்ரல் இருபதாம் தேதி கமிட்டி கூடுகிறது. காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அது நீங்களாக இருப்பது என் நேரம்.

ரிப்போர்ட்டில் பெரிதாக எதுவும் இல்லை. கடந்த இரண்டு வருடத்தில் வகுப்பை முடித்தவர்கள் இருபத்து நான்கு பேர். அவர்களில் பத்தொன்பது பேர் பத்துப் படியையும் எதையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறார்கள். ஐந்தில் நான்கு பேர், அண்ணி! பத்து வருடமாக இந்த மேடையோடு மல்லுக்கட்டியதற்கு இப்போதுதான் ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அண்ணன் முடித்திருந்தால் இருபதாவது ஆளாக இருந்திருப்பார். மூன்றாவது வாரம் நீங்கள் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அவரை அழைத்துக்கொண்டு போனீர்கள். பிறகு ஊரையே மாற்றிக்கொண்டீர்கள். ஜூனில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. அப்போதாவது அனுப்பி வையுங்கள்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். உன் அண்ணன்தான் இடது கையால் அதை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நன்றாக இருக்கிறார். வீட்டுக்குள் தடியோடு நடக்கிறார். வலது கை இன்னும் மடங்கியபடிதான் இருக்கிறது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. கோபம் வந்தால் மட்டும் முழு வாக்கியமே வந்துவிடுகிறது. அதற்காகவே சில நாள் டிவி ரிமோட்டை ஒளித்து வைக்கிறேன்.

ரிப்போர்ட்டைப் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். அதைக் கேட்க நான் சரியான ஆள் இல்லை. என்ன கேட்டாலும் நான் என் பக்கத்துக்கு வாதாடுவதாகத்தான் உனக்குப் படும். எனக்கே அப்படிப் படுகிறது. ஆனால் இதே ரிப்போர்ட்டை ஒரு மாணவி கொண்டுவந்து நீட்டியிருந்தால் முதல் வரியிலேயே கேட்டிருப்பேன். உன்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் அது உனக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முடித்தவர்கள் இருபத்து நான்கு பேர். தொடங்கியவர்கள் எத்தனை பேர்?

அண்ணி

பிப்ரவரி 22

அண்ணிக்கு,

நாற்பத்தொன்று. போதுமா?

பதினேழு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். வராதவர்களை நான் எப்படிக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் காலேஜில் பரீட்சைக்கே வராதவனுக்கும் மார்க் போட்டுத்தான் சராசரி எடுப்பீர்களா? மாத்திரையை விழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே எறிந்தவனை வைத்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியுமா? எட்டு வாரம் முழுதாகச் செய்தவர்களை வைத்துத்தானே வகுப்பு நல்லதா என்று பார்க்க வேண்டும்? இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உங்கள் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பாதியில் நின்றவர்களில் அண்ணனும் ஒருவர். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் வகுப்பு அப்படி ஒன்றும் பெரிதில்லை என்று ஆகிவிடும். அப்புறம் நீங்கள் அவரை நிறுத்தியதும் தப்பில்லை என்று ஆகிவிடும். அதற்குத்தானே சுற்றி வளைக்கிறீர்கள்?

கையெழுத்துப் போட இஷ்டமில்லை என்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நான் வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ சொன்னது சரி. அவரும் அந்தப் பதினேழில் ஒருவர் என்பதால்தான் கேட்கவே பயந்தேன். என் மனதில் ஓர் ஆசை இருக்கிறது என்று தெரிந்தே கேட்டேன். நீயும் தெரிந்தே படி.

பரீட்சையைப் பற்றிக் கேட்டாய். போன வருடம் என் பாடத்தில் அறுபது பேர் சேர்ந்தார்கள். முதல் மாதத்திலேயே பயந்துபோய் இருபது பேர் வேறு பாடத்துக்கு ஓடிவிட்டார்கள். மிச்சம் நாற்பதில் முப்பத்தெட்டு பேர் பாஸ். முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். நான் நல்ல ஆசிரியையா, இல்லை தேறாதவர்களை முன்கூட்டியே விரட்டிவிடும் கெட்டிக்காரியா? அந்த முப்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஓடிப்போன இருபது பேரைக் கேட்டால்தான் தெரியும். நான் கேட்கவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

உன் வகுப்பிலும் அதுதான் கேள்வி. படி ஏறுவதால் தேறுகிறார்களா? இல்லை, தேறிக்கொண்டிருப்பவர்கள்தான் கடைசிவரை படி ஏறுகிறார்களா? இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் உனக்கு அதே பத்தொன்பதுதான் கிடைக்கும்.

ஊகம் வேண்டாம். பதினேழு பேரையும் தேடிப் போய்க் கேள். எல்லோரிடமும் ஒரே இரண்டு கேள்வி, ஒரே சொற்களில்: எதனால் நின்றீர்கள்? இன்றைக்குப் பத்துப் படி பிடிக்காமல் ஏற முடிகிறதா? "வகுப்பு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடாதே. உன் மனம் கோணக் கூடாதென்று ஆமாம் என்பார்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. உனக்கு அதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி

மார்ச் 24

அண்ணிக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பாதி லீவும் போயிற்று. ஸ்கூட்டர் இரண்டு முறை பஞ்சர். பதினாறு பேரின் வீட்டுக்கும் போய்விட்டேன்.

முதலில் டெய்லர். நாலாவது வாரத்தில் நின்றவர். சோம்பேறி என்று அவர் பயிற்சிக் கார்டிலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மாடியில் கடை. தடதடவென்று இறங்கி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "நின்னுட்டேனா? நான் தேறிட்டேன்மா! நாலு வாரத்துல மெஷின் மிதிக்க ஆரம்பிச்சாச்சு. உங்ககிட்ட வந்து சொல்லத்தான் நேரமில்லை" என்றார். பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன். இப்படித் தேறிப்போய் வேலைக்குத் திரும்பியதால் நின்றவர்கள் நான்கு பேர்.

அதோடு சந்தோஷம் முடிந்தது. ஆறு பேர் வலி தாங்காமல் நின்றிருக்கிறார்கள். தோள், முட்டி, இடுப்பு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். (வாயை மூடிக்கொள்ள முடியவில்லை, மன்னியுங்கள்.) "நீங்க அவ்வளவு ஆசையா எண்ணுவீங்களேம்மா, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர் கார்டில் வலி என்று எழுதினேன்.

மூன்று பேருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ஆள் இல்லை. ஒரு வீடு பூட்டியிருந்தது. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. மீதி இரண்டு வீட்டில் நான் கேள்வியே கேட்கவில்லை. வகுப்பை விட்டுச் சில மாதம் கழித்து மறுபடி பக்கவாதம் வந்து போய்விட்டார்களாம். ஒரு வீட்டில் அவருடைய மகள், "ஆஸ்பத்திரியிலேருந்து விசாரிக்க வந்த முதல் ஆள் நீங்கதான்" என்று நாற்காலி போட்டாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

தேறிய நான்கு பேரைத் தவிர மற்ற யாராலும் பத்துப் படி ஏற முடியவில்லை. பூட்டிய வீட்டுக்காரரையும் ஏறாதவராகவே வைத்துக்கொண்டேன். ஆக, பத்தொன்பதும் நான்கும் இருபத்து மூன்று. நாற்பத்தொன்றில் இருபத்து மூன்று. ஐந்தில் நான்காக இருந்தது இப்போது பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பதினேழாவது ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவரை மட்டும் நான் கேட்க வேண்டியதில்லை. அவர் நின்ற காரணம் உங்கள் கையெழுத்தோடு பதிவேட்டில் இருக்கிறது: குடும்பத்தார் நிறுத்தினார்கள்.

நாத்தனார்

மார்ச் 31

வாலுவுக்கு,

சின்ன வயதில் உன்னைக் கூப்பிட்ட அந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று உன் அண்ணன் அடம்பிடிக்கிறார். டெய்லர் கதையைப் படித்துக் காட்டினேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

டெய்லர் என் மூக்கையும் உடைத்துவிட்டார். நின்றவர்கள் எல்லோரும் தேறாதவர்கள் என்றுதான் உள்ளூர நினைத்திருந்தேன். நான்கு பேர் தேறியதால்தான் நின்றிருக்கிறார்கள். நீ தேடிப் போகாமல் நான் என் ஊகத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் நானும் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். அந்த ஆறு பேரின் வலியையும் நீயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய். அதைப் பிறகு ரிப்போர்ட்டில் சுருக்கிவிடாதே.

இப்போது அடுத்த கேள்வி. பாதிக்குக் கொஞ்சம் மேல் என்பது நல்லதா, சுமாரா? எதோடு ஒப்பிட்டு? பக்கவாதம் வந்தவர்களில் பலர் சில மாதத்தில் தானாகவே கொஞ்சம் தேறுகிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நிறுத்திவிடலாம் என்கிறார்களே, அந்த வீட்டுப் பயிற்சி, அதில் எத்தனை பேர் தேறினார்கள்? அங்கேயும் முடித்தவர்களை மட்டும் எண்ணாமல் தொடங்கிய எல்லோரையும் எண்ணு.

கூடவே ஒன்று. யார் வகுப்புக்கு வர வேண்டும், யாருக்கு வீட்டுப் பயிற்சி என்று முடிவு செய்வது யார்? எப்படி?

அண்ணி

ஏப்ரல் 8

அண்ணிக்கு,

வீட்டுப் பயிற்சிக்குப் போகும் என் சக ஊழியர் அதிகம் பேசாத மனிதர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார், வருவார். அவரிடம் நோட்டைக் கேட்டேன். முதல் நாள் போன வீட்டிலிருந்து கடைசி நாள்வரை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அதே இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டு பேர். இருபத்தொரு பேர் பத்துப் படி ஏறுகிறார்கள். நீங்கள் சதவீதம் போடும் முன் நானே போட்டுவிட்டேன். அவருக்கு ஐம்பத்தைந்து, எனக்கு ஐம்பத்தாறு.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். நான்தான். எதையும் பிடிக்காமல் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வேன். நின்றால் வகுப்பு. நிற்க முடியாவிட்டால் வீட்டுப் பயிற்சி. படி ஏறும்போது விழுந்துவிடக் கூடாதே என்று வைத்த விதி அது, கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. ஆனால் நேற்று நோட்டையும் கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தெம்பானவர்களை எல்லாம் நான் எடுத்துக்கொண்டு தளர்ந்தவர்களை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். அப்படியும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறோம். அவருடைய வேலையைத்தான் நிறுத்தச் சொல்லி ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அப்படியே விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நாற்பத்தொரு கார்டிலும் "நின்ற நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அறுபது வினாடிக்குக் குறைந்து ஒன்றுகூட இல்லை. அண்ணன் கார்டிலும் அறுபது என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தில். ஆனால் அண்ணன் அறுபது வினாடி நிற்கவில்லை. இருபத்திரண்டு வினாடிதான் நின்றார். அதற்குள் அவர் வலது பக்கம் சாய, நான் பிடித்துக்கொண்டேன். விதிப்படி அவரைப் பை மாட்டிய மனிதரிடம் அனுப்பியிருக்க வேண்டும். என் சொந்த அண்ணனை இன்னொருவரிடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பில் இருந்தால் தேற்றிவிடுவேன் என்று நினைத்தேன். வேறு யாருக்கும் அப்படி எழுதியதில்லை, அண்ணி. அவருக்கு மட்டும்தான்.

அதன்பிறகு பதினான்கு மாதம் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வாலு

ஏப்ரல் 13

வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் முதலில் அழுதேன். பிறகு எதற்கு அழுகிறேன் என்றே தெரியாமல் அழுதேன். இத்தனை மாதமும் அவர் தடியைத் தேடித் தடவும் ஒவ்வொரு தடவையும், "நிறுத்தாமல் இருந்திருந்தால்?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். எண்களோடு குடும்பம் நடத்துகிறவள் நான். ஒரே ஒரு மனிதரை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இருபத்திரண்டு என்ற எண்ணை ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். இப்போதாவது சொன்னாயே.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். குறைந்திருக்கிறது.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஆர்வத்தில் இப்போது மறுபக்கம் சாய்ந்துவிடாதே. வீட்டுப் பயிற்சிதான் சிறந்தது என்றும் எழுத முடியாது. முப்பத்தெட்டு பேர், நாற்பத்தொரு பேர் எல்லாம் சின்ன எண்கள். நான்கு பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் கதையே மாறிவிடும். எது மேல் என்று இதை வைத்துத் தெரியாது. அப்படியே எழுது: தெரியாது. தெரியாதபோது ஒன்றை நிறுத்துவது நியாயமில்லை என்றும் எழுது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரு நிமிடம் நிற்கக்கூடியவர்களை மட்டும் எடுத்துக்கொள். அவர்களுக்கு இரண்டில் எதுவும் ஆபத்தில்லை. சம்மதம் கேட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கு. வகுப்பா, வீடா என்று சீட்டு சொல்லட்டும். உன் மனமும் சொல்லக் கூடாது, என் மனமும் சொல்லக் கூடாது. முடிவில் அளப்பவர் யார் எந்தப் பக்கம் என்று தெரியாதவராக இருக்கட்டும். நீ அளந்தால் உன் ஆசையும் அவர்களோடு சேர்ந்து படி ஏறும்.

இப்படி எழுதினால் என் கையெழுத்து தயார்.

பதினேழாவது ஆளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மற்ற பதினாறு பேரில் யாருக்காவது மனைவியின் கையெழுத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டாயா? நேரில் போய்க் கேட்டாய் அல்லவா? பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ரயிலில் வந்தால் மாலை திரும்பிவிடலாம்.

அண்ணி

ஏப்ரல் 27

அண்ணிக்கு,

அன்று நீங்கள் காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. திரும்பி வந்து எதுவும் கேட்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், நானும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். நடந்ததை எழுதத்தான் வருகிறது.

மற்றவர்களிடம் கேட்ட மாதிரியே காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எதனால நின்னீங்கண்ணா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன். கடிகாரம் ஓடுகிறது. அவர் ஜன்னலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அவருக்குப் பதிலாக நானே ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கலாம் என்று நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை.

கடைசியில் சொன்னார். "உன்... மூஞ்சி." அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "ஒவ்வொரு தடவையும்... என்னால முடியாதப்ப... உன் மூஞ்சி. பாக்க முடியலை."

படி வலிக்கவில்லையாம், அண்ணி. விழுந்துவிடுவோம் என்ற பயமும் இல்லையாம். கால் தூக்க முடியாமல் நிற்கும்போதெல்லாம் நான் கீழே நின்றுகொண்டு சிரித்த முகத்தோடு எண்ணிக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பு பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காகத்தான் மூன்று வாரம் வந்திருக்கிறார். எனக்காகத்தான் நின்றும் இருக்கிறார்.

"அவ நிறுத்தலை. நான்தான்... அவளை... சொல்லாதேன்னு" என்றார். உங்களைக் கையெழுத்துப் போடவைத்தவர் அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னால் நான் கத்தினேனே, "உங்களுக்குப் பொறுமை இல்லை, அவர் தலையெழுத்து" என்று. அப்போதுகூட நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அடங்கியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள், அண்ணி. இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அவருடைய கார்டில் அறுபதை அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதினேன். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் உங்களை எடுத்துவிட்டு, "தகுதி இல்லாமலே சேர்க்கப்பட்டார், தவறு பயிற்சியாளருடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கமிட்டிக்கும் அந்தக் கார்டைக் காட்டினேன்.

சூப்பரின்டெண்டன்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா இது? ரிப்போர்ட் கேட்டா தெரியாதுன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றார். "பத்து வருஷமா எனக்குத் தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன் சார். அதைவிட இது முன்னேற்றம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பொய்க் கணக்கு எழுதியதற்கு ஒரு மெமோ வந்தது. அது நியாயம்தான். ஆனால் வீட்டுப் பயிற்சியை நிறுத்தவில்லை. ஒரு வருடம் சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அளப்பதற்கு வேறு வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வருவார்.

சனிக்கிழமை முதல் சீட்டு. ஒரு தபால்காரர். நின்ற தினுசைப் பார்த்தாலே தெரிகிறது, எட்டு வாரத்தில் ஓடுவார். என் வகுப்புக்கென்றே செய்த மாதிரி கால். சீட்டைப் பிரித்தால் "வீடு". மடித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கலாமே என்று கை அரித்தது. எடுக்கவில்லை. பை மாட்டிய மனிதரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவரையா? எனக்கா?" என்றார்.

மாதம் ஒரு ஞாயிறு வரலாமா? பயிற்சி கொடுக்க இல்லை. சும்மா.

வாலு

ஜூன் 16

வாலுவுக்கு,

வரலாமா என்று கேட்டு எழுதினாய். பதில் வருவதற்குள் மே முதல் ஞாயிறே வந்தும் நின்றாய். இப்போது போன ஞாயிறும் வந்துவிட்டுப் போனாய். அதனால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. இன்னும் நான்கு வாரத்தில் நேரிலேயே சொல்லலாம். அதுவரை என்னால் பொறுக்க முடியாது போலிருக்கிறது.

போன ஞாயிறு மாலை அவரைக் காற்றாட வெளியே கூட்டிவந்தேன். எங்கள் வாசலில் மூன்று படி. நீ கீழே நாற்காலியைத் தெருப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். அரைமணி நேரம் ஒரே பக்கத்தைப் படித்தாய். ஏன் அப்படி உட்கார்ந்தாய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உள்ளே போகலாம் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். கையை உதறினார். தடியையும் என்னிடம் கொடுத்தார். உதட்டில் விரலை வைத்து, உன் முதுகைக் கண்ணால் காட்டினார். பிறகு ஏறினார். முதல் படி. ரொம்ப நேரம் நின்றார். இரண்டாவது படி. மூன்றாவதில் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முடியாதென்று தலையாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நீ திரும்பவில்லை. அதனால் உனக்குத் தெரியாது.

உன்னிடம் சொல்லலாமா என்று இன்று காலை அவரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுது" என்றார்.

ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு தடவை. அளந்தவள் மனைவி, அதுவும் கண் கலங்கிப்போய் அளந்தவள். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. தானாகவே தேறியிருக்கலாம், அன்றைக்கு மட்டும் கால் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம், மறுநாள் ஏறவும் இல்லை. இதை ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆனாலும் இரண்டு படி, வாலு. கைப்பிடி இல்லாமல். நான் பார்த்தேன்.

அண்ணி